ஆற்றோரம் ஆறு நாள்

(நம் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



அன்று கம்யூனிட்டி ஹாலில் இருபதுக்கும் கொஞ்சம் மேற்பட்டவர்கள் வந்திருந்தீர்கள். வர முடியாதவர்களுக்காகப் பேசியதை எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மைக் வேலை செய்யாததால் பின்வரிசையில் இருந்தவர்களுக்கும் இது புதிதாகவே இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க். அதில் முதல் பதினான்கு வருடம் கிளைக்கு சைக்கிளில்தான் போனேன். பிறகு ஸ்கூட்டர் வந்தது, சைக்கிள் போனது. அறுபத்து நாலு வயதில் மறுபடி சைக்கிள் ஏறினேன், அதுவும் பிரான்ஸ் நாட்டில். அங்கே லுவார் நதிக்கரையில் ஆறு நாளில் சுமார் 240 கிலோமீட்டர் ஓட்டியதையும், மூன்றாம் நாள் நான் செய்த முட்டாள்தனத்தையும் உங்களிடம் சொல்லப்போகிறேன். இரண்டாவதுதான் முக்கியம்.

என் மகன் ஓர்லேயான் நகரத்தில் வேலை பார்க்கிறான். என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு எங்கள் போன் பேச்சு "சாப்பிட்டீங்களாப்பா", "சாப்பிட்டேன்டா", "உடம்பு எப்படி இருக்கு", "நல்லா இருக்கு" என்ற நான்கு வரியில் முடிந்துவிடும். போன செப்டம்பரில் வற்புறுத்தி வரவழைத்தான். போய் இறங்கியதும், "ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன், ஆத்தோரமா சைக்கிள்ல போகலாம்" என்றான்.

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தெற்கே மலையில் பிறந்து, வடக்கே ஏறி, ஓர்லேயான் பக்கத்தில் மேற்கே திரும்பி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் கரையோரமாகக் கடல் வரைக்கும் சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது நடுவில் உள்ள துண்டு, ஓர்லேயானில் இருந்து சோமூர் வரை. யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பள்ளத்தாக்குக்குள் இந்தத் துண்டு முழுவதும் வருகிறது.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போதே முதல் தவறு நடந்தது. கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, பேட்டரி உதவியோடு ஓடும் சைக்கிளைக் காட்டினார். மகனும் அதையே எடுக்கச் சொன்னான். "பதினாலு வருஷம் மிதிச்ச கால் இது" என்று சொல்லி, சாதாரண கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டேன். அதற்கு நான் மனதில் ஒரு கணக்கும் வைத்திருந்தேன். ஆறு ஓடும் திசையில்தானே போகிறோம், வழியெல்லாம் இறக்கமாகத்தான் இருக்கும் என்று.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர்லேயானுக்கும் சோமூருக்கும் ஆற்றின் உயர வித்தியாசம் அறுபது, எழுபது மீட்டர்தான். அதை 240 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு ஒரு அடி இறக்கம்கூடத் தேறாது. மேற்கே கடலில் இருந்து வரும் காற்று அந்த ஒரு அடியையும் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது. பேட்டரி சைக்கிளில் என்னைவிட மூத்த தம்பதிகள் பேசிச் சிரித்தபடி தாண்டிப் போனார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன், உள்ளுக்குள் மூச்சு வாங்கியது.

முதல் நாள் சனிக்கிழமை. போஜான்சி என்ற சின்ன ஊர் வரை முப்பது கிலோமீட்டர். இந்தப் பாதையின் பெரும்பகுதி, வாகனம் குறைந்த கிராமச் சாலைகளும் ஆற்றங்கரை மண்ணணைகளும்தான். அந்த அணைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லுவார் பார்ப்பதற்குச் சாது. செப்டம்பரில் நடுநடுவே மணல் திட்டு, நாரை, கொக்கு என்று நம்ம ஊர் ஆறு மாதிரியே இருக்கும். ஆனால் வெள்ளம் வந்தால் அதன் குணமே வேறு. அதனால் நூற்றாண்டுக் கணக்காகக் கரையில் மண்ணையும் கல்லையும் கொட்டி அணை கட்டி உயர்த்தியிருக்கிறார்கள். அப்படியும் 1846, 1856, 1866 ஆகிய மூன்று வருடங்களில் பெருவெள்ளம் வந்தது. கரையோரக் கிராமங்களில் சுவரில் கோடு வெட்டி, பக்கத்தில் வருடத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுச் சுவரில் 1856இன் கோடு என் தோளுக்கு மேலே இருந்தது. நாங்கள் நின்ற இடமோ ஆற்றில் இருந்து நல்ல தூரம். வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய அணையின் முதுகில்தான் இன்றைக்கு நாம் சுகமாகச் சைக்கிள் ஓட்டுகிறோம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கீழே வயலும் ஓட்டு வீடும்.

சாலையில் கார் வந்தால்கூடப் பயமில்லை. அங்கே சட்டமே இருக்கிறது. சைக்கிளைத் தாண்டும் வண்டி ஊருக்குள் ஒரு மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் இடைவெளி விட வேண்டும். வளைவில் எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் அரைக் கிலோமீட்டர் ஹாரன் அடிக்காமல் வந்தது. நான்தான் பழக்கதோஷத்தில் பதறி ஓரம் இறங்கினேன்.

எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் அமைப்பு ஒன்றுதான். ஒரு தேவாலயம், மேரி என்று அவர்கள் சொல்லும் ஊராட்சி அலுவலகம், அதன் வாசலில் கொடி, பக்கத்தில் ஒரு கல்தூண். பிரான்சில் இப்படிச் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 35,000 ஊராட்சிகள் உண்டு. அந்தக் கல்தூண் 1914 முதல் 1918 வரை நடந்த போரில் இறந்த அந்த ஊர்க்காரர்களின் பெயர்ப் பட்டியல். அந்த ஒரு போரில் பிரான்ஸ் இழந்தது சுமார் பதினான்கு லட்சம் வீரர்களை. நான் கேஷ் எண்ணிய ஆள், எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். முப்பது நாற்பது வீடு இருக்கும் ஊரில் பத்தொன்பது பெயர்கள், அதில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை. அந்தப் போரின் தொடக்கத்தில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படைப்பிரிவுகள், போர்முனைக்குப் போகும் முன் திரட்டப்பட்ட இடமும் ஓர்லேயான்தான், 1914 அக்டோபரில். நாங்கள் கிளம்பிய ஊர்.

இரண்டாம் நாள் ஷாம்போர் அரண்மனை. முதலாம் பிரான்சுவா என்ற ராஜா 1519இல் கட்டத் தொடங்கியது. நானூறுக்கு மேற்பட்ட அறைகள். சுற்றியுள்ள காட்டுக்கு மதில் மட்டும் 32 கிலோமீட்டர், அதாவது எங்கள் முதல் நாள் பயணத்தைவிட அதிகம். உள்ளே ஒரு படிக்கட்டு இருக்கிறது. இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று சுற்றி ஏறும். ஒன்றில் ஏறுபவரும் மற்றொன்றில் இறங்குபவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், சந்திக்க முடியாது. மகன் ஒன்றில் ஏறினான், நான் மற்றொன்றில். நடுவில் கை காட்டினான். எங்கள் போன் பேச்சு ஞாபகம் வந்தது.

இரவு ப்ளுவா நகரில் தங்கினோம். மறுநாள் திங்கட்கிழமை. அம்புவாஸ் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர்.

இங்கே ஒரு விஷயம். பிரான்சின் கிராமத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் இருக்கிறது. பகல் பன்னிரண்டில் இருந்து இரண்டு வரை கடைகள் மூடிவிடும். ஓட்டலில் சாப்பாடு அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான். இரண்டு மணிக்கு மேல் போனால் சமையலறை மூடியிருக்கும். பேக்கரிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல ஊர்களில் அது திங்கட்கிழமை. மகன் இதையெல்லாம் முதல் நாளே சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. முப்பத்தாறு வருடம் கவுண்டரில் 'உணவு இடைவேளை' போர்டு வைத்தவன் நான். வெளியே நிற்பவர் நிலை அன்றைக்குத்தான் புரிந்தது.

எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையில் வழக்கம்போல் மாத்திரை போட்டேன். விடுதியில் ரொட்டியும் சீஸும் கொஞ்சம் சாப்பிட்டேன். அந்த மாத்திரை, நாம் சாப்பிட்டோமா, எத்தனை கிலோமீட்டர் மிதித்தோம் என்றெல்லாம் விசாரிக்காது. அதுபாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். பதினோரு மணிக்கு மகன், "அப்பா, ஏதாவது சாப்பிடலாமா?" என்றான். காலில் வலி, எதிர்க்காற்று, முந்திப் போகும் பேட்டரி சைக்கிள்கள். நின்றால் தோற்றுவிட்டோம் என்று ஆகிவிடும் என எனக்குள் ஒரு எண்ணம். "அப்புறம் பாத்துக்கலாம், நீ போ" என்றேன்.

ஷோமோன் கோட்டையைத் தாண்டி, பாதை ஆற்றை விட்டு மேட்டில் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஏறுகிறது. அங்கேதான் வியர்க்க ஆரம்பித்தது. குளிர்ந்த காற்றில் அப்படி வியர்க்கக் கூடாது. கை நடுங்கியது. ஹேண்டில் பார் தள்ளாடியது. மகன் முன்னால் போய்விட்டான். கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. ஒரு சின்ன ஊருக்குள் எப்படியோ வந்து சேர்ந்தேன். பேக்கரிக் கதவு மூடியிருந்தது. அந்தக் கல்தூணின் படியில் உட்கார்ந்தேன். எதிரில் இருந்த பெயர்களை எண்ணப் பார்த்தேன். எட்டு வரை போனது, அதற்கு மேல் வரவில்லை. எண்ண முடியவில்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

எதிர்வீட்டில் ஒரு அம்மா, எண்பது வயது இருக்கும், ஜன்னல் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ கேட்டார். எனக்கு பிரெஞ்சு தெரியாது. "டயாபடீஸ்" என்றேன். அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். உடனே உள்ளே போனார். சர்க்கரைக் கட்டி டப்பாவோடு வந்தார். ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார், குழந்தைக்குக் கொடுப்பதுபோல. நான்கு தின்றேன். பிறகு ரொட்டியில் பிளம் ஜாம் தடவிக் கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. பையில் இருந்த மீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தேன். 64. நான்கு கட்டி சர்க்கரைக்குப் பிறகு வந்த கணக்கு அது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

அதற்குள் மகன் என்னைத் தேடித் திரும்பி வந்துவிட்டான். அந்த அம்மா அவனிடம் நடந்ததைச் சொன்னார். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்ப்பா சொல்லல?"

"ஒண்ணுமில்லடா, கொஞ்சம் தலை சுத்தல்..."

"அம்மாவும் ரெண்டு நாள் நெஞ்சு வலிய இப்படித்தானே சொல்லாம வச்சிருந்தாங்க. எனக்கு போன் வந்தப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்க ரெண்டு பேரும் 'நல்லா இருக்கேன்'னு சொன்னா நான் எதை நம்புறது?"

மூன்று வருடமாக அவன் மனதில் வைத்திருந்தது அது. என்னிடம் பதில் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அம்மா, ஒரு வார்த்தை புரியாமல், இன்னொரு ரொட்டித் துண்டுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார். பணம் கொடுக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார்.

அன்று மாலை அம்புவாஸில், ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து இருட்டும் வரை பேசினோம். லியோனார்டோ டா வின்சி கடைசிக் காலத்தைக் கழித்து 1519இல் இறந்த ஊர் அது. அங்கே கோட்டைக்குள் இருக்கும் சிறு ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நாங்கள் பேசியது அவள் கதைதான். அவளுடைய கடைசி இரண்டு நாளை நான் மகனிடம் முழுதாகச் சொன்னது அன்றுதான்.

பேச்சினூடே மகன் ஒருவரைப் பற்றிச் சொன்னான். போல் த விவீ என்று பெயர், வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். 1853இல் பிறந்து 1930இல் மறைந்தவர். சேன்தெத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்துவந்தவர், சைக்கிள் பித்தில் அதை விட்டார். சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடி, அதற்காகவே பத்திரிகை நடத்தினார். சைவ உணவுக்காரர். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அவர் சில விதிகள் எழுதி வைத்தார். பசிக்கும் முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும், அளவு மீறிக் களைத்துப்போகும் வரை ஓட்டக் கூடாது என்ற பொருளில் சில விதிகள். வீம்புக்காக மிதிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. நூறு வருடத்துக்கு முன்பே என்னைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தூர் நகரம் வரை முப்பது கிலோமீட்டர்தான். அங்கே முதல் வேலையாக என் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேட்டரி சைக்கிள் எடுத்தோம். மீதி வழிக்கு மகன் போட்ட நிபந்தனை இரண்டு. மணிக்கு ஒருமுறை நிறுத்தி, சர்க்கரையின் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் முன்னால் போக வேண்டும், அவன் பின்னால் வருவான். "118", "104", "131" என்று கத்திக்கொண்டே பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைக் கடந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

கடைசி இரண்டு நாளும்தான் எனக்கு ஆறு கண்ணில் பட்டது. வில்லாந்திரியில் காய்கறிகளையே கோலம் போட்டதுபோல் நட்டு வளர்க்கும் தோட்டம். முட்டைக்கோஸ் ஒரு கட்டம், பீட்ரூட் ஒரு கட்டம், சுற்றிலும் பச்சை வேலி. அதற்கு மேற்கே கான்த் என்ற கிராமத்தில் வியேன் ஆறு வந்து லுவாரில் சேர்கிறது. நம் கூடுதுறை போலத்தான். மேட்டில் ஏறி நின்றால் இரண்டு ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாகும் இடம் தெரியும். அங்கிருந்து சோமூர் வரை கரை முழுவதும் வெண்மையான சுண்ணாம்புக்கல் பாறை. அரண்மனைகளுக்கும் வீடுகளுக்கும் கல்லை இந்தப் பாறையில்தான் வெட்டினார்கள். வெட்டிய குகையையும் வீணாக்கவில்லை. சிலவற்றில் குடித்தனம் இருக்கிறார்கள், சுவர் பாறை, முன்பக்கம் கதவும் ஜன்னலும். சிலவற்றில் ஒயின் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் காளான் வளர்க்கிறார்கள். சோமூரில் அந்தக் காளானைச் சுட்டுக் கொடுத்தார்கள். ஆறு நாள் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் தின்ற நாக்குக்கு அது விருந்து. திரும்பும்போது ரயிலிலேயே சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஓர்லேயான் வந்து சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதைச் சம்பிரதாயமாக நினைக்காமல் என்னென்ன அடங்கும் என்று படித்துப் பாருங்கள். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் டாக்டரிடம் நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறேன் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் மாற்றித் தருவார். நான் "கொஞ்சம் சுத்திப் பாக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். தண்ணீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் குழாய் இருக்கும், குடிக்கத் தகாதது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையிலேயே திங்கட்கிழமைக்கும் சேர்த்து ரொட்டி வாங்கிவிடுங்கள்.

பிரான்சுக்கு எல்லோரும் போகப்போவதில்லை. ஆனால் நம் குடியிருப்பைச் சுற்றித் தினமும் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களில் பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பக்கத்தில் நடப்பவரிடம் சொல்லி வையுங்கள். பாக்கெட்டில் நான்கு சர்க்கரைக் கட்டியோ குளுக்கோஸ் பொட்டலமோ இருக்கட்டும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு வேகம் போதாது. தலை சுற்றினால் "ஒண்ணுமில்லை" என்று சொல்லாதீர்கள். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் போன் செய்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் சொல்லும் சொல்லை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்தால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. "நம்பர் என்னப்பா?" என்கிறான். நானும் சொல்கிறேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசுகிறோம்.